ஸ்லைடரும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் டிஜிட்டலில் படம் எடுப்பவன். கருப்பு வெள்ளை முகங்கள்தான் அதிகம். எடிட் செய்யும்போது அருமையாக இருக்கும் படம், மறுநாள் திறந்தால் மிகையாகத் தெரிகிறது. பிரிண்ட் போட்டால் இருண்டுபோகிறது. ‘இருட்டறையில் செய்வது உழைப்பு, ஃபோட்டோஷாப்பில் செய்வது பித்தலாட்டம்’ என்கிறார் என் சீனியர். படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெளுக்கவைக்கும் டாட்ஜிங்கும், கருக்கவைக்கும் பர்னிங்கும் இருட்டறையிலும் ஃபோட்டோஷாப்பிலும் ஒன்றுதானே? ஃபிலிமில்தான் ஆன்மா இருக்கிறது என்பது உண்மையா? நெகடிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் பழைய என்லார்ஜர் ஒன்று வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

என்லார்ஜரைக் கடைசியில் பார்க்கலாம், நினைவிருந்தால். ‘மறுநாள் திறந்தால் மிகையாகத் தெரிகிறது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, சீனியருக்கும் ஆன்மாவுக்கும் தாவிவிட்டீர்கள். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அந்த வரிதான். இந்தப் பதிலே அதற்காகத்தான். உங்களுக்கு மறுநாளாவது தெரிகிறது, பலருக்கு எந்நாளும் தெரிவதில்லை. அந்தக் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை முதலில் தள்ளிவிடுவோம். ஆன்மா ஃபிலிமில் இருக்கும் சில்வர் ஹாலைடு படிகத்துக்கும் கிடையாது, சென்சாருக்கும் கிடையாது. பித்தலாட்டம் என்றால், ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் 1857-லேயே 30 நெகடிவ் வாக்கில் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டவர். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படத்தில் நெகடிவின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்தது. 1948-ல் அந்தப் பகுதிக்கு மட்டும் ரசாயனத்தால் அடர்த்தி ஏற்றினார். வானத்தையும் பர்ன் செய்துதான் கருப்பாக்கினார். 1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய நோல் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். இதையெல்லாம் சீனியரிடம் போய் வாதாடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பிரிண்ட் போடலாம்.

டாட்ஜிங் இரண்டிலும் ஒன்றா என்றால், பாதி ஆம். இருட்டறையில் அது நேரக் கணக்கு. மொத்த எக்ஸ்போஷர், அதாவது பேப்பரில் வெளிச்சம் விழும் நேரம், 20 விநாடி என்று வையுங்கள். வெளிச்சம் கூடக் கூடப் பேப்பர் கருக்கும். கம்பி நுனியில் ஒட்டிய அட்டையால் முகத்தை 10 விநாடி மறைத்தால் ஒரு முழு ஸ்டாப் வெளுக்கும் (வெளிச்சம் பாதியாவதோ இரட்டிப்பாவதோ ஒரு ஸ்டாப்). அதே 10 விநாடியைக் கூடுதலாகக் கொடுத்து பர்ன் செய்தால் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான் கருக்கும். முழு ஸ்டாப் வேண்டுமென்றால் இன்னொரு 20 விநாடி கொடுக்க வேண்டும். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்காவிட்டால் விளிம்பு கோடாக விழும். பேப்பருக்கு மிக அருகே பிடித்தாலும் அப்படித்தான். ஃபோட்டோஷாப்பின் டாட்ஜ் டூல் பிக்ஸலையே மாற்றிவிடும், அதைத் தொடாதீர்கள். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் என்ற பிளெண்ட் மோடில் வைத்து, ஃப்ளோவை (பூச்சு விழும் அளவை) 3 முதல் 5 சதவீதத்துக்குக் குறைத்த பிரஷ்ஷால் வெள்ளையோ கருப்போ பூசுங்கள். ஃபைல் 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட்டில் கருப்பிலிருந்து வெள்ளைக்கு மொத்தமே 256 படிகள்தான்; நிழலை இழுத்துத் தூக்கினால் கன்னம் பட்டைபட்டையாகப் பிரியும்.

இனி உங்கள் நோய்க்கு வருகிறேன்.

ஸ்லைடரை இழுக்க இழுக்க, படம் கொஞ்சங்கொஞ்சமாக மாறுகிறது. கண்ணும் கூடவே பழகிக்கொண்டு போகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எங்கே இருந்தோம் என்பதற்குச் சாட்சி இல்லை. கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம், கிளாரிட்டியைக் கொஞ்சம் என்று ஏற்றி முடிக்கும்போது தலைமுடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது. ஒரு ஆளைத் தனியாக நிறுத்தினால் உயரம் தெரியாது, பக்கத்தில் இன்னொருவரை நிறுத்த வேண்டும். ஒரே பேப்பர்த் துண்டில் பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டி ஒப்பிடும் டெஸ்ட் ஸ்ட்ரிப் செய்வது அதைத்தான். பேப்பரை மிச்சம்பிடிக்கும் தந்திரம் என்று மட்டும் அதை நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அதையும் பலர் தப்பாகவே போடுகிறார்கள். 5, 10, 15, 20, 25, 30 விநாடி என்று சமமாக ஏற்றுவார்கள். 5-க்கும் 10-க்கும் இடையே ஒரு முழு ஸ்டாப். 25-க்கும் 30-க்கும் இடையே கால் ஸ்டாப்தான். ஒரு முனையில் வித்தியாசம் தாவுகிறது, மறுமுனையில் கண்ணுக்கே எட்டுவதில்லை. பெருக்கல் கணக்கில் போக வேண்டும்: 8, 11.3, 16, 22.6, 32 விநாடிகள். ஒவ்வொரு படியும் அரை ஸ்டாப். முதலில் முழுத் துண்டுக்கும் 8 விநாடி. பிறகு ஒவ்வொரு பட்டையாக அட்டையால் மூடிக்கொண்டே, மிச்சத்துக்கு 3.3, 4.7, 6.6, 9.4. ஒவ்வொரு தடவையும் விளக்கை அணைத்துப் போடாதீர்கள். பல்பு சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரும் தாமதம் சின்ன நேரங்களைக் கெடுத்துவிடும். எரியவிட்டு அட்டையை மட்டும் நகர்த்துங்கள்.

ஐந்து பட்டையிலும் முகம் விழ வேண்டும். ஒன்றில் நெற்றி, அடுத்ததில் சட்டை, அதற்கடுத்ததில் சுவர் என்று விழுந்தால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? படத்தை வரவைக்கும் கரைசலான டெவலப்பரில் ஃபைபர் பேப்பருக்கு 20 டிகிரியில் 2 நிமிடம் என்றால் 2 நிமிடம்தான். கருக்கிறதே என்று பதறி 40 விநாடியில் உருவினால் கருப்பு சாம்பலாக நிற்கும், திட்டுத்திட்டாகவும் வரும்; அந்தத் துண்டு எதையும் நிரூபிக்காது. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசலுக்குப் பிறகு அலசி, காயவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஈரத்தில் நெற்றி பளிச்சென்று இருக்கும். ஃபைபர் பேப்பர் காய்ந்தால் வெளிச்சப் பகுதிகள் சற்றுக் கருத்துவிடும். அதற்காக எக்ஸ்போஷரில் 8 முதல் 10 சதவீதம் குறைப்பது வழக்கம். பிறகு துண்டை வெள்ளை விளக்கில் பிடித்துப் பாருங்கள். 11.3-ல் நெற்றித் தோலின் நுண்கோடுகள் வரத் தொடங்கியிருக்கும், 16-ல் தெளிவாக நிற்கும், 22.6-ல் நெற்றி மொத்தமும் அழுக்குப் பிடித்தமாதிரி ஆகியிருக்கும். முடிவெடுக்க ஒரு நிமிடம் ஆகாது.

இதற்கு இருட்டறை வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் ரா ஃபைலுக்கு (கேமரா பதிந்த மூல ஃபைல்) எடிட் மென்பொருளில் ஐந்து வர்ச்சுவல் காப்பி (மூலத்தைத் தொடாத நகல்) எடுங்கள். எக்ஸ்போஷரை -1, -0.5, 0, +0.5, +1 என்று எண்ணாக அடியுங்கள், இழுக்காதீர்கள். ஐந்திலும் முகத்தை மட்டும் ஒரே அளவில் வெட்டி, ஒரு ஏ4 தாளில் வரிசையாக வைத்து, கடைசிப் பிரிண்ட் எந்தப் பேப்பரிலோ அதே பேப்பரில் அச்சிடுங்கள். இங்க் காயட்டும். படம் மாட்டப்போகும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்போஷர் முடிந்தபின் கான்ட்ராஸ்ட்டுக்கு இன்னொரு தாள். இரண்டையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம்.

பிரிண்ட் இருண்டுபோவதற்கு உங்கள் மானிட்டர்தான் காரணமாக இருக்கும். முழு வெளிச்சத்தில் வைத்திருப்பீர்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இறக்குங்கள். அளக்கும் கருவி இல்லையென்றால், வெள்ளைத் தாளை விளக்கடியில் பிடித்து, திரையின் வெள்ளை அதோடு ஒத்துப்போகும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

என்லார்ஜர். டிஜிட்டலில் எடுக்கிற உங்களிடம் நெகடிவே கிடையாதே, அதில் எதை மாட்டுவீர்கள்? 35 மிமீ ஃபிலிமில் எடுக்கத் தொடங்கிய பிறகு வாங்குங்கள். அப்போது 50 மிமீ லென்ஸ் போதும். தூணைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் விட்டுவிடுங்கள். ஒரு நெகடிவை மாட்டி, லென்ஸை முழுதும் திறந்து, நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு நான்கு மூலையிலும் கிரெயினை (ஃபிலிமின் மணிமணியான புள்ளிகளை) பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் நெகடிவும் லென்ஸும் பேப்பர் வைக்கும் பலகையும் இணையாக இல்லை என்று அர்த்தம். அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.