சிங்கப்பூரில் சீனர்களின் மரபு மதமான தாவோயிசத்தின் பழமையான கோயில் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம்? நம்மவர்கள் உள்ளே போகலாமா?

தாராளமாகப் போகலாம். கட்டணம் கிடையாது. செருப்பைக் கூடக் கழற்ற வேண்டியதில்லை. நமக்கு முதலில் உறுத்துவது அதுதான். என்னைக் கேட்டால் தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹொக் கெங் கோயிலுக்குப் போங்கள். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்று சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள். கோயில் கட்டிய காலத்தில் வாசலுக்கு எதிரே கடல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்ததால் கரை வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. இது தெரியாமல் போனால் இன்னொரு சிவப்புக் கூரைக் கோயிலாகத்தான் தெரியும். சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த ஹொக்கியன் மக்கள், உயிரோடு கரை சேர்ந்ததற்கு மாசூ என்ற கடல் தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடம் இது. முதலில் சின்ன வழிபாட்டிடமாக இருந்ததை 1839இல் கோயிலாகக் கட்டத் தொடங்கி 1842இல் முடித்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவமனைப் பெயராக இன்று எல்லாரும் அறிந்த டான் டோக் செங்தான் பெரிய நன்கொடையாளர். மாசூவின் சிலை 1840இல் சீனாவிலிருந்தே வந்தது.

மாசூ 10ஆம் நூற்றாண்டில் மெய்ச்சோ தீவில் பிறந்த லின் மோ என்ற பெண் என்பது வழிவழிக் கதை. கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றியவள், இளம் வயதிலேயே மறைந்து தெய்வமானாள். அவளுக்குக் காவலர் இருவர்: ஒருவருக்கு ஆயிரம் மைல் தாண்டிப் பார்க்கும் கண், மற்றவருக்குக் காற்றில் வரும் சத்தத்தையெல்லாம் கேட்கும் காது. கப்பல்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்த கூரை அது. உத்திரத்தைத் தோளில் தாங்குவது போல இந்தியர் சாயலில் செதுக்கிய உருவங்களும் உண்டு. வழிகாட்டி இல்லாமல் போகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள். வாசலின் இரும்புக் கதவு கிளாஸ்கோவில் வார்த்தது. பின்கட்டில் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் இருக்கிறாள், சீன ஞானி கன்ஃபூசியஸுக்கும் இடம் உண்டு. எந்த மதம் என்று யாரும் அங்கே கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

குறி கேட்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பிறை வடிவில் இரண்டு கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குமிழ். கேள்வியை மனதில் வைத்துத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று குமிழாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குமிழ் என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறது, கேள்வியைச் சரியாகக் கேள் என்று அர்த்தம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரிதான், ஆனால் சிரிக்கிற சாமி நம்மிடம் இல்லை!

மரியாதை விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. உயர்ந்த வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். ஊதுபத்தி ஏற்றுவது உங்கள் விருப்பம்.

அப்புறம், கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வராதீர்கள். அதே தெருவில் சில எட்டுத் தள்ளி நாகூர் தர்கா இருக்கிறது. 1828-30இல் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டியது. இப்போது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையம். ஆண்டகையும் கப்பலைக் காப்பாற்றியவர் என்றுதான் நம் கடலோடிகள் நம்பினார்கள். ஒரே கரையில் இறங்கிய இரண்டு கூட்டம், ஆளுக்கொரு காவலருக்கு நன்றி சொல்லியிருக்கிறது. கோயிலை மட்டும் தனியாகப் பார்த்தால் இந்தப் பாதிக்கதை விட்டுப்போகும் என்பதுதான் என் கருத்து.

அதே தெருவில் கோயிலுக்கு மறுபக்கம் கொஞ்சம் நடந்தால் சூலியாக்கள் (தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) அமைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை மதியம் அங்கே தொழுகைக் கூட்டம் இருக்கும். வேறொரு நாள் காலையில் போனால் வெயிலும் குறைவு, மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.