‘எல்லாம்’ பொய்யானால் ‘எதுவும் இல்லை’ உண்மையாகிவிடுமா?

கேள்வி: ஐயா, தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு கல்லூரி ஆசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் தாளில் வரும் லாஜிக்கல் ரீசனிங் பகுதிதான் உதைக்கிறது. பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில், ‘எல்லாக் கவிஞர்களும் கனவு காண்பவர்கள் என்பது பொய், அப்படியானால் எது நிச்சயம் உண்மை?’ என்று கேட்டிருந்தார்கள். ‘எந்தக் கவிஞரும் கனவு காண்பவர் அல்ல’ என்று குறித்தேன். தவறு என்கிறார்கள். இன்னொரு கேள்வியில், ‘சில கவிஞர்கள் கனவு காண்பவர்கள்’ உண்மையென்றால் ‘சில கவிஞர்கள் கனவு காண்பவர்கள் அல்ல’ என்பதும் உண்மை என்று விடை கொடுத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் டேபிளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதற்கென்று தனியாக 6,000 ரூபாய்க்கு ஒரு கிராஷ் கோர்ஸ் இருக்கிறதாம். சேரலாமா?

பதில்: முதல் கேள்வியில் அவர்கள் சொல்வது சரி, நீங்கள் குறித்தது தவறு. இரண்டாவதில் அவர்கள் விடையே தவறு. கிராஷ் கோர்ஸ் வேண்டாம். ஒரு மாலைப்பொழுதும் ஒரு கூடைக் கத்தரிக்காயும் போதும்.

சந்தையில் பத்துக் கத்தரிக்காய் வாங்கி வந்திருக்கிறீர்கள். சொத்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கூடை மூன்றே நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும். பத்தும் சொத்தை, இதைச் சொத்தைக் கூடை என்போம். சிலது சொத்தை, சிலது நல்லது. இது கலப்புக் கூடை. பத்தும் நல்லது, இது நல்ல கூடை. வேறு விதமான நான்காவது கூடை ஒன்றும் உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போது மரபான தர்க்கவியல் சொல்லும் நான்கு வகைக் கூற்றுகளைப் பாருங்கள். ‘எல்லாக் காயும் சொத்தை’ என்பது ஏ (A). ‘எந்தக் காயும் சொத்தை இல்லை’ என்பது இ (E). ‘சில காய்கள் சொத்தை’ என்பது ஐ (I). ‘சில காய்கள் சொத்தை இல்லை’ என்பது ஓ (O). இந்த எழுத்துகள் லத்தீனிலிருந்து வந்தவை. ‘ஆம் என்கிறேன்’ என்று பொருள்படும் அஃபிர்மோ (affirmo) என்ற சொல்லின் முதல் இரண்டு உயிரெழுத்துகள் ஏ, ஐ. ‘மறுக்கிறேன்’ எனும் நெகோவின் (nego) உயிரெழுத்துகள் இ, ஓ. இதை நினைவில் வைத்தால் எது உடன்பாடு, எது மறுப்பு என்று ஒருநாளும் குழம்பாது.

ஏ சொத்தைக் கூடையில் மட்டும் உண்மை. இ நல்ல கூடையில் மட்டும் உண்மை. ஐ சொத்தைக் கூடையிலும் கலப்பிலும் உண்மை. ஓ கலப்பிலும் நல்ல கூடையிலும் உண்மை. அவர்கள் மனப்பாடம் செய்யச் சொன்ன டேபிள் முழுவதும் இவ்வளவுதான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். ‘எல்லாக் காயும் சொத்தை’ என்பது பொய். சரி, அப்படியானால் கையில் இருப்பது சொத்தைக் கூடை இல்லை. கலப்பாக இருக்கலாம், நல்லதாக இருக்கலாம். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் நிற்கக்கூடிய கூற்று ஓ மட்டும்தான். நீங்கள் குறித்த இ, நல்ல கூடையாக இருந்தால்தான் நிற்கும். கலப்பாக இருந்தால் விழுந்துவிடும். அதனால் ‘நிச்சயம் உண்மை’ என்று சொல்ல முடியாது. ‘எல்லாம்’ என்ற பேச்சை உடைக்க ஒரே ஒரு நல்ல காய் போதும், பத்தும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. இப்படி ஏயும் ஓவும், இயும் ஐயும் ஒன்றை ஒன்று நேராக வெட்டும் ஜோடிகள்; தேர்வில் கான்ட்ரடிக்டரி என்று வரும். ஏயும் இயும் கான்ட்ரரி. இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்து பொய்யாகலாம். கலப்புக் கூடையில் அதுதான் நடக்கிறது.

நீங்கள் தடுமாறியது அறிவுக் குறைவால் இல்லை. நம் பேச்சு அப்படி. ‘நேற்றுக் கூட்டத்துக்கு எல்லாரும் வரவில்லை’ என்று சொல்கிறோம். ஒருவர்கூட வரவில்லையா, சிலர் விட்டுப்போனார்களா? இரண்டு பொருளும் வரும். தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் ‘யாரும் வரவில்லை’ என்போம், அது இ. ‘எல்லாருமே வந்துவிடவில்லை’ என்றால் ஓ. ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்ற பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாம்’ என்றும் ‘அல்ல’ என்றும் வருவதால் இ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மின்னும் எதுவுமே பொன் இல்லை என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. மின்னுவதில் பொன் அல்லாததும் உண்டு என்பதுதான் பொருள், அசல் ஓ. ஆங்கிலத்திலும் ‘ஆல்’, ‘நாட்’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இதே குழப்பம்தான். அப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டால் அங்கேயே நின்று, எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விடைக்குப் போக வேண்டும்.

ஆங்கிலத்தை நான் இழுக்கக் காரணம் இருக்கிறது. உங்கள் இரண்டாம் தாளைத் தமிழில் எழுதலாம். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஒரு சொல்லின் நுட்பத்தில் விடையே மாறிவிடும் பாடத்தை, தமிழில் சிந்திக்கும் பிள்ளையிடம் வேறு மொழியில் மட்டும் நீட்டுகிறார்கள். எத்தனையோ பேர் எழுதிக் கேட்டாயிற்று. இன்னும் மாறவில்லை.

இரண்டாவது கேள்வியில் உங்கள் மையம் தவறியது ‘சில’ என்ற சொல்லில். தர்க்கவியலில் ‘சில’ என்றால் ‘குறைந்தது ஒன்று’. அதற்கு மேல் எத்தனையாகவும் இருக்கலாம், பத்தும்கூட. கூடையிலிருந்து மூன்று காயை எடுத்து நறுக்கினீர்கள், மூன்றும் சொத்தை. ‘சில காய்கள் சொத்தை’ என்று தைரியமாகச் சொல்லலாம். மீதி ஏழும் நல்லவை என்று சொல்ல முடியுமா? நறுக்கிப் பார்த்தால்தானே தெரியும்! ஆக ஐ உண்மை என்றால் இ பொய். அது மட்டும்தான் நிச்சயம். ஏவும் ஓவும் தீர்மானிக்க முடியாதவை.

மையத்துக்கு இந்தத் தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வங்கித் தேர்வுகளில் ‘ஒன்லி எ ஃப்யூ’ என்று ஒரு வகை வருகிறது. அங்கே ‘சிலது ஆம், சிலது இல்லை’ என்று இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வங்கி வகுப்புக்குத் தயாரித்த நோட்ஸின் அட்டையை மட்டும் மாற்றி நெட் வகுப்பில் விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு மாணவர் கையில் அப்படியொரு நோட்ஸ். உள்ளே ஏழாம் பக்கத்தில் ‘வங்கி எழுத்தர் தேர்வு’ என்ற தலைப்பைக்கூட நீக்கவில்லை. இந்த நான்கு கூற்றையும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் வைத்து அவற்றின் உறவைக் காட்டும் படத்துக்கு ‘ஸ்கொயர் ஆஃப் ஆப்போசிஷன்’ என்று பெயர். வாங்கும் முன் அந்தச் சொல் நோட்ஸில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த நான்காவது கூடை: காலிக் கூடை. ஒரு காயும் இல்லை. ‘எல்லாக் காயும் சொத்தை’ என்பது உண்மையா, பொய்யா? அரிஸ்டாட்டில் வழிவந்த மரபில் இந்தக் கேள்வியே எழாது. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் அங்கே பேச்சே தொடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் வழிவந்தவர்கள் வேறு மாதிரிப் பார்த்தார்கள். தோப்பு வாசலில் ‘அத்துமீறி நுழைவோர் அனைவரும் தண்டிக்கப்படுவர்’ என்று பலகை இருக்கிறது. இதுவரை யாருமே நுழையவில்லை. அதனால் பலகை பொய் சொல்கிறது என்போமா? மாட்டோம். ‘எல்லாம்’ என்று சொல்வது ‘இருக்கிறது’ என்று சொல்வதாகாது. ஆனால் ‘சிலர் தண்டிக்கப்பட்டார்கள்’ என்றால் ஒருவராவது இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கில் காலிக் கூடையில் ஏயும் உண்மை, இயும் உண்மை. ஐயும் ஓவும் பொய். ஏ உண்மை என்பதால் ஐயும் உண்மை என்று இறங்க முடியாது. கான்ட்ரடிக்டரி ஜோடிகள் இரண்டு மட்டும் மிஞ்சும், சதுரத்தின் மற்ற உறவுகள் எல்லாம் போய்விடும்.

இதை நீட்டுவது வீண் இல்லை. 2019இல் வந்த பாடத்திட்டத்தில் ‘கிளாசிக்கல் ஸ்கொயர் ஆஃப் ஆப்போசிஷன்’ இருக்கிறது. அது அரிஸ்டாட்டில் வழி. அதே பிரிவில், வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று படிய வரைந்து பார்க்கும் வென் படமும் இருக்கிறது. அது பூல் வழி. இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாக எடுக்கும் முக்கூற்று வாதத்தில் (சில்லாஜிசம்) உள்ள 256 வடிவங்களில் மரபுப்படி 24 செல்லும், பூல் வழியில் 15தான் செல்லும். ஆக ஒன்பது வடிவங்களுக்கு, எந்த வழி என்று சொல்லாமல் கேட்டால் இரண்டு விடையும் சரி! எந்த வழியில் எடுக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகும். அதைச் செய்ய ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. நீங்கள் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கேள்வியில் ‘ஸ்கொயர்’ வந்தால் கூடை காலியில்லை, வென் படம் வரைந்து சரிபார்க்கச் சொன்னால் காலியாக இருக்கலாம்.

அப்புறம் பணம். முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண், பத்துப் பிரிவுகள். ஒரு பிரிவுக்குச் சராசரியாக ஐந்து கேள்வி என்றால் பத்து மதிப்பெண், அதில் இந்தச் சதுரம் ஒரு பங்குதான். நெகட்டிவ் மார்க்கும் கிடையாது. இதற்கு 6,000 ரூபாயா?

விடைக்குறிப்பு வந்தபின் ‘சேலஞ்ச் செய்து மார்க் வாங்கித் தருகிறோம்’ என்று வருபவர்களிடமும் கவனமாக இருங்கள். சேலஞ்ச் செய்வதற்குத் தேர்வு நடத்துபவர்களே கேள்விக்கு 200 ரூபாய் என்று வாங்கி வந்திருக்கிறார்கள், திரும்பி வராத பணம் அது. உங்கள் லாகினில் நீங்களே செய்யலாம். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். கேள்வித்தாள் கைவசம் இருக்கிறது என்று டெலிகிராமில் சொல்பவனை நெருங்கவே விடாதீர்கள். 2024 ஜூன் 18இல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். கேள்வித்தாள் முன்கூட்டியே கசிந்ததாகச் சுற்றிய படம் திருத்தப்பட்ட போலி என்று பிறகு விசாரணையில் வந்தது. அலைந்தது பிள்ளைகள்தான்.

இன்றைக்கு இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு சொத்தை, கலப்பு, நல்லது என்று எழுதுங்கள். நான்கு கூற்றையும் ஒவ்வொன்றாக உண்மை என்றும் பொய் என்றும் வைத்துப் பாருங்கள், மொத்தம் எட்டுச் சோதனை. பொருந்தாத வட்டங்களை அடித்துவிட்டு, மிஞ்சியவை அனைத்திலும் நிற்கும் கூற்று எது என்று பார்க்க வேண்டும். ‘ஓ பொய்’ என்பதில் தொடங்குங்கள். அதில் ஒரே வட்டம்தான் மிஞ்சும், மற்ற மூன்றுக்கும் விடை உடனே வந்துவிடும். முடித்தபின் அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய், விடையைத் திருத்தச் சொல்லுங்கள். உங்களோடு அந்தத் தேர்வை எழுதியவர்கள் தவறான விடையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.