விண்டோஸ் 11இல் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியவில்லையே, ஏன்?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் வால்பேப்பர், நிறம் எதுவும் மாறவில்லை, டாஸ்க்பாரும் (திறந்த நிரல்களைக் காட்டும் பட்டை) கீழேயே நிற்கிறது என்கிறீர்கள். இவை இரண்டு வெவ்வேறு தடைகள்.

திரையின் வலது கீழ் மூலையில், ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான வாசகம் தெரிகிறதா? தெரிந்தால் முதல் சிக்கல் உரிமம்தான். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் இருக்கும் தோற்றப் பகுதி பூட்டப்பட்டிருக்கும். விற்ற கடையிலேயே உரிமத்தைக் கேளுங்கள். காசு கொடுத்தவருக்கு அது சேர வேண்டியது. அதுவரை, படக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து பின்னணியாக வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

பணம் கொடுத்தவர்களுக்கும் இப்படி நடந்ததுண்டு. 2009இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில், முறையான உரிமம் இருந்தாலும் வால்பேப்பரை மாற்ற வழியில்லை. விலை குறைந்த கணினி வாங்கியவரின் திரையில் இன்ன படம்தான் இருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாத முடிவு.

டாஸ்க்பார் விஷயம் வேறு. விண்டோஸ் 95 முதல் 10 வரை அதைத் திரையின் நான்கு பக்கமும் நகர்த்தலாம். 2021இல் வெளியான விண்டோஸ் 11க்கு அதைப் புதிதாக எழுதியபோது அந்த வசதியை விட்டுவிட்டார்கள். உரிமம் வாங்கினாலும் இது திரும்பாது.

இணையத்தில் கிடைக்கும் தீம்களுக்காகச் சிஸ்டம் கோப்புகளைத் திருத்தாதீர்கள். வால்பேப்பர், நிறம் மட்டுமன்றிச் சாளரங்களின் வடிவத்தையே மாற்றும் தீம்களில், மைக்ரோசாஃப்ட் டிஜிட்டல் கையொப்பமிட்டவற்றை மட்டுமே விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே ஏற்கும்; அதை மீறத்தான் அந்தத் திருத்தம். தோற்றம்தான் முக்கியம் என்றால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில், கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பைப் போட்டுப் பாருங்கள். டாஸ்க்பார் போன்ற அதன் பேனலை எந்தப் பக்கமும் வைக்கலாம், செலவும் இல்லை.