கல் சௌனாவா, இன்ஃப்ராரெட் பெட்டியா: முதலில் மின் பேனலைப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் 6 அடிக்கு 5 அடி இடம் இருக்கிறது, உயரம் 7 அடி. இரவு வேலை முடிந்து வந்து நானும் மனைவியும் உட்கார ஒரு சௌனா, அதாவது வியர்க்க உட்காரும் சூட்டறை, வேண்டும். கல் அடுப்பு வைத்த பழைய முறையா, அகச்சிவப்புக் கதிரால் சூடாக்கும் இன்ஃப்ராரெட் பெட்டியா? மின் பேனல் (வீட்டின் பிரேக்கர் பெட்டி) 100 ஆம்பியர். இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் மாமியாரும் உட்காரலாமா?

பதில்: உங்கள் இடம் 210 கன அடி, கிட்டத்தட்ட 6 கனமீட்டர். கல் சௌனாவுக்குக் கனமீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது கைக்கணக்கு. ஆக 6 கிலோவாட் ஹீட்டர். கண்ணாடிக் கதவு வைத்தால் அதன் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.2 கனமீட்டர் கூட்டவேண்டும். அப்போது 8 கிலோவாட்டுக்குப் போய்விடும். 6 கிலோவாட்டே 240 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். மின் அடுப்பு, துணி உலர்த்தி, ஏசி எல்லாம் தொங்கும் 100 ஆம்பியர் பேனலில் அதற்கு இடமிருக்கிறதா என்பதை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சுமைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

இருவர் உட்காரும் இன்ஃப்ராரெட் பெட்டிக்கு 120 வோல்ட்டில் 1.5 முதல் 2 கிலோவாட் போதும். ஆனால் 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ச்சியாக 12 ஆம்பியருக்கு மேல், அதாவது 1,440 வாட்டுக்கு மேல் ஓட்டக்கூடாது. 1,700 வாட் பெட்டியை ஃப்ரீசர் ஓடும் சர்க்யூட்டிலேயே செருகினால் பிரேக்கர் விழும். மீன் கெட்டுப்போனது மறுநாள்தான் தெரியவரும். தனி 20 ஆம்பியர் சர்க்யூட் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், ப்ளக் முனை சூடேறி உருகும்.

சூடும் ஒன்றல்ல. கல் சௌனாவில் காற்று 70 முதல் 90 டிகிரி; கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டதும் எழுந்து தோளில் இறங்கும் ஆவியை ஃபின்லாந்துக்காரர்கள் லோய்லு என்பார்கள். அதற்காகத்தான் சௌனா என்று நினைப்பவருக்கு இன்ஃப்ராரெட் ஏமாற்றமாகவே இருக்கும். இதில் காற்று 45 முதல் 60 டிகிரிதான், கதிர் நேராக உடலில் படுகிறது. கதிர் வீசும் சூட்டுப் பேனல் இல்லாத பக்கம் சூடாகாது: முதுகு கொதிக்கும், பாதம் சில்லென்றிருக்கும். கடையில் உட்கார்ந்து பார்த்து, கெண்டைக்காலுக்குப் பின்னாலும் காலடியிலும் பேனல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். உள்ளே தண்ணீர் தெளிக்கக்கூடாது.

‘நச்சு நீக்கம்’ என்ற விளம்பரத்தை விட்டுத்தள்ளுங்கள். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அடிக்கடி சௌனா போனவர்களிடம் இதயச் சாவு குறைவு என்று 2015இல் வெளிவந்த ஃபின்லாந்து ஆய்வு, 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்தது. அவர்கள் உட்கார்ந்தது கல் சௌனாவில். அதைக் காட்டி இன்ஃப்ராரெட் விற்பது சரியல்ல.

கல் சௌனா கட்டினால் பிழை வருவது சுவருக்குள்தான். சூடு வெளியேறாமல் சுவருக்குள் வைக்கும் பாறைக் கம்பளிக்கும் உட்புறப் பலகைக்கும் நடுவே அலுமினியத் தாள் போட்டு, இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்டவேண்டும். விட்டால் ஈரம் சுவருக்குள் போய்ப் பூஞ்சை பிடிக்கும். பேஸ்மென்ட்டில் அது சீக்கிரமே வரும். கற்களை நெருக்கி அடுக்காதீர்கள். காற்று ஏறாமல் ஹீட்டர் கம்பி எரிந்துபோகும். ஆற்றங்கரைக் கல் வெடிக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், தாழ்ப்பாள் கூடாது.

இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்து 40 நிமிடம் சூடேறக் காத்திருப்பீர்களா? ஒரு மாதத்தில் அலுத்துவிடும். இன்ஃப்ராரெட் 15 நிமிடத்தில் தயார். முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குள் முடியும். உங்கள் மின் பேனலுக்கும் நேரத்துக்கும் அதுவே சரி. ஆவிதான் வேண்டுமென்றால் பேனலை 200 ஆம்பியராக மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மாமியார் மருத்துவரைக் கேட்காமல் உட்காரவேண்டாம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரியும், மாத்திரையும் அழுத்தத்தைக் குறைக்கும். எழுந்ததும் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அனுமதி கிடைத்தால் 10 நிமிடம், குறைந்த சூட்டில், பக்கத்தில் ஒருவர் இருக்க. முடிந்ததும் காலைத் தரையில் ஊன்றி இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.