கறியும் முட்டையும் மட்டும் போதுமா? (வாசகர் கேள்வி - பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. இறைச்சி, மீன், முட்டை, கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான் சாப்பாடு, தானியமும் காயும் பழமும் தட்டுப் பக்கமே வரக்கூடாது என்கிற 'கார்னிவோர்' டயட். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. நான்கு மாதமாகக் கறி, மீன், முட்டை தவிர எதையும் தொடுவதில்லை. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறார். நெஞ்செரிச்சல் போய்விட்டது, மதியத் தூக்கம் வருவதில்லை, பசியும் அடங்கிவிட்டது என்கிறார். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் காய், பழம் எதுவுமே இல்லாமல் ஒருவர் எப்படி இருக்க முடியும்? நான் பயப்படுவது சரியா?

முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். பசி அடங்கியது கற்பனை இல்லை. புரதம் வயிற்றை நிறைத்த உணர்வை நீண்ட நேரம் தக்கவைக்கும், அதைச் செரிப்பதற்கே அதிலுள்ள கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும் (மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம்தான்). எடை குறைந்தால் நெஞ்செரிச்சல் குறைவதும் வழக்கமாகப் பார்ப்பதுதான். ஒன்பது கிலோவில் ஓரிரண்டு கிலோ வெறும் தண்ணீராக இருக்கலாம், ஏனென்றால் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மாவுச்சத்தை நிறுத்தியதும் அது கரைந்து தண்ணீரும் வெளியேறிவிடும். மிச்சம் உண்மையான குறைவு, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் தட்டில் இருந்து என்னவெல்லாம் போனது? காய்கறியும் கீரையும் மட்டுமா போயின? சர்க்கரை போட்ட பானம், பிஸ்கட், மைதா, எண்ணெயில் பொரித்த நொறுக்குத்தீனி, ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து கணக்கில்லாமல் கொறிப்பது, எல்லாம் அதே நாளில் சேர்ந்து போயிருக்கும். இன்று அவருக்குக் கிடைத்திருக்கும் நன்மையில் பெரும்பகுதி இதனால் வந்தது என்பதுதான் என் கருத்து. அந்த நன்மையை வைத்துக்கொண்டே காயையும் பருப்பையும் பழத்தையும் திரும்பக் கொண்டுவர முடியும். கேரட்டும் கீரையும் அவரைக் குண்டாக்கவில்லை.

இந்த டயட்டில் இருக்கும் 2,029 பேரிடம் கேட்டு எடுத்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. பெரும்பாலோர் திருப்தியாகவே பதில் சொன்னார்கள். அதைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் குறைந்தது ஆறு மாதம் தாக்குப்பிடித்தவர்கள், சமூக ஊடகக் குழுக்கள் வழியாகத் திரட்டப்பட்டவர்கள், உடல்நிலையைப் பற்றி அவர்களே சொன்னதுதான் கணக்கு. ஒத்துக்கொள்ளாமல் இரண்டே மாதத்தில் விட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை. ரத்தப் பரிசோதனை விவரம் கொடுத்தவர்களின் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்.டி.எல்., நடுமதிப்பு 172 என்று அதே ஆய்வு சொல்கிறது. இந்த எண்ணை ஏனோ யாரும் பகிர்வதில்லை.

அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதைச் சண்டையாக ஆக்காமல், லிப்பிட் புரொஃபைல் (கொலஸ்ட்ரால் சோதனை), கிரியேட்டினின் (கிட்னி சோதனை), யூரிக் ஆசிட் மூன்றையும் பார்த்துவரச் சொல்லுங்கள். நன்றாக இருப்பதாக உணர்வது ஒரு தகவல், ரிப்போர்ட் இன்னொரு தகவல். கொலஸ்ட்ரால் ஏறினால் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது.

கேள்வி: எனக்கு அந்த ரிப்போர்ட்தான் பிரச்சினை! எல்.டி.எல். 118இல் இருந்து 204க்குப் போயிருக்கிறது. ஆனால் ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்து, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். ஏறியிருக்கிறது. அப்படியிருந்தால் எல்.டி.எல்.லைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார்கள். நான் ஒல்லியான ஆள், தினமும் ஓடுகிறேன்.

வேண்டாம் என்று சொல்பவர்கள் உங்கள் ரத்தக்குழாய்க்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். ட்ரைகிளிசரைடு குறைந்தது நல்ல செய்தி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நல்ல எண் இன்னொரு கெட்ட எண்ணை அழித்துவிடாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதற்கு உணவு ஆய்வுகளை மட்டும் நம்பவேண்டியதில்லை. மரபணுக் கோளாறால் பிறவியிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக உள்ள குடும்பங்கள் இருக்கின்றன, சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது. நேர்மாறாக, பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. எல்.டி.எல். எவ்வளவு அதிகம், எத்தனை வருடம், இந்த இரண்டையும் பெருக்கித்தான் ஆபத்து சேருகிறது. ஆறு மாதம் 204 என்பது ஒன்று, இருபது வருடம் 204 என்பது வேறு.

உங்களைப் போல் மெலிந்த, நிறைய ஓடுகிற சிலருக்கு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும்போது எல்.டி.எல். தாறுமாறாக ஏறுவதைப் பார்க்கிறோம், கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தாலே சிலருக்கு இறங்கவும் செய்கிறது. தினமும் ஏதாவது பழம், கிழங்கு அல்லது ஓட்ஸ் சேருங்கள். கொழுப்பான சிவப்பு இறைச்சியும் வெண்ணெயும் இருந்த இடத்தில் பாதிக்கு மீனும் தோல் நீக்கிய கோழியும் வரட்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள், முடிந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஏ.பி.ஓ.-பி என்ற சோதனையும் கேளுங்கள். அப்போதும் 190க்கு மேல் இருந்தால் இதய மருத்துவரிடம் போய்விடுங்கள், வாக்குவாதம் அப்புறம்.

கேள்வி: பழமே சாப்பிடாவிட்டால் வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வரும் என்று படித்தேன். ஆனால் வருடக்கணக்காகக் கறி மட்டும் சாப்பிட்டவர்களுக்கு வரவில்லையே?

நல்ல கேள்வி, இதற்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது. ஆர்க்டிக் பகுதியில் இன்யூட் மக்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த வில்யால்முர் ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, அங்கே பெரும்பாலும் இறைச்சியும் மீனும் மட்டுமே சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தேன் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. 1928இல் அவரும் அவருடைய பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் கண்காணிப்பில் அந்த உணவைத் தொடங்கி ஒரு வருடம் கறி மட்டுமே சாப்பிட்டார்கள். ஸ்கர்வி வரவில்லை.

கதையை இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு மூன்று நாளிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்து படுத்துவிட்டார், கொழுப்பைச் சேர்த்ததும்தான் எழுந்தார். புரதத்தை மட்டுமே எரித்து உடம்பு ஓட முடியாது, அதிலிருந்து பிரியும் நைட்ரஜனை யூரியாவாக மாற்ற ஈரலுக்கு ஓர் எல்லை உண்டு. கோழி நெஞ்சுக்கறியை மட்டும் வேகவைத்து மூன்று வேளையும் சாப்பிடும் தம்பிகள் இதைக் கவனியுங்கள்.

அடுத்தது, அவர்கள் சாப்பிட்டது வெறும் சதைக்கறி இல்லை. ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மஜ்ஜை எல்லாம் இருந்தது. தினம் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைத்தாலே ஸ்கர்வி வராது, ஈரல் போன்ற உறுப்புக் கறியும் லேசாக வெந்த புதுக் கறியும் அந்த அளவைத் தந்துவிடலாம். நன்றாக வேகவைத்த சதைக்கறி மட்டும் என்றால் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஈறில் ரத்தம், காயம் ஆறத் தாமதம், காரணமில்லாமல் தோலில் ரத்தம் கட்டியது போன்ற தடம், இவை வந்தால் உடனே பழம் சாப்பிடுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அப்புறம், ஸ்கர்வி வராததும் ஆரோக்கியமாக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு பேர், ஒரு வருடம் என்கிற சோதனையை வைத்து முப்பது வருடத்துக்குத் திட்டம் போட முடியாது.

கேள்வி: சாசேஜ், ஹாம், பேக்கன் எல்லாம் இறைச்சிதானே, அதையே சாப்பிட்டால் சமைக்கும் வேலை மிச்சம்.

இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சி மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் வைத்தது. சிவப்பு இறைச்சியை 'உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த பிரிவில் வைத்தது. புகையிலையும் முதல் பிரிவுதான், அதற்காக சாசேஜ் சிகரெட் அளவுக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு சொல்கிறது. ஆபத்தின் அளவு என்று பார்த்தால், தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைச் சுமார் 18 சதவீதம் கூட்டுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஐம்பது கிராம் என்பது ஒரு சாசேஜ். இதையே சாப்பாடாக வைத்துக்கொள்பவர் ஒரு வேளைக்கே மூன்று நான்கு சாப்பிடுவார்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் நைட்ரைட் அல்லது இ250 என்று பொடி எழுத்தில் இருக்கும், அதற்கு மேலே உப்பின் அளவு இருக்கும். இரண்டையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சமைக்கும்போதும் நெருப்பில் நேராகக் கருக்காதீர்கள், கருகிய பகுதியில் வேறு சில புற்றுநோய்க் காரணிகள் உருவாகின்றன. குழம்பாகவோ வேகவைத்தோ சாப்பிடுவது மேல்.

கேள்வி: நிறையக் கறி சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடுமா?

நல்ல கிட்னியைக் கறி கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதான கிட்னிக்கு அதிகப் புரதம் சுமைதான். சிக்கல் என்னவென்றால் பழுது இருப்பது பலருக்குத் தெரியாது, ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. சுகர் அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தொடங்குமுன் கிரியேட்டினினோடு சிறுநீரில் அல்புமின் சோதனையும் செய்யுங்கள். முந்தைய ராத்திரி கறி சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், வெந்த கறியே கிரியேட்டினினைத் தற்காலிகமாகக் கூட்டிக் காட்டும். யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்கள், கிட்னியில் கல் வந்தவர்கள் இந்த டயட் பக்கம் போகவேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. சாப்பாடு குறைந்து, கை கால் மெலிந்து, நடக்கத் தடுமாறுகிறார். கறி செரிக்காது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சரியா?

சரியில்லை, உடனே திரும்பக் கொடுங்கள். ஆபத்தைப் பற்றி எழுதி எழுதிக் கறியின் மதிப்பு மறைந்துவிடக்கூடாது. வயதானவர்களுக்குத்தான் தசை வேகமாகக் கரைகிறது, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும். சமைத்த கறி 100 கிராமில் 25 முதல் 30 கிராம் புரதம் இருக்கிறது. வேறு எந்த உணவிலும் இவ்வளவு சின்ன அளவில் இவ்வளவு கிடைப்பது அரிது, அதனால்தான் பசி குறைந்தவர்களுக்கு இது அருமையான உணவு. பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்கு உணவில்தான், கறியிலுள்ள இரும்புச்சத்தும் கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். 1926இல் மைனோட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அதுவரை உயிரைக் குடித்துவந்த ஒரு வகை ரத்தசோகையை ஈரல் கொடுத்தே குணப்படுத்தினார்கள், பின்னால் நோபல் பரிசும் வந்தது. அந்த ஈரலில் இருந்த மருந்து பி12தான்.

கடிக்க முடியாததைத்தான் பலர் செரிக்கவில்லை என்கிறார்கள். கொத்துக்கறியாக நன்றாக வேகவைத்து, மென்மையான மீன், அரைவேக்காடு இல்லாத முட்டை, மதியமே கொடுங்கள். பல் செட் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிட்னி ரிப்போர்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். ஈரல் தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். வைட்டமின் ஏ அளவு மீறினால் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும், ஈரலில் அது மிக அதிகம். மற்ற கறி, மீன், முட்டை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு சுகர். மாத்திரை போட்டுக்கொண்டே இந்த டயட்டைத் தொடங்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு நாள் கூட வேண்டாம். மாவுச்சத்து நின்றதும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், அதுவரை சரியாக இருந்த இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு டோஸ் அன்றைக்கே அதிகமாகிவிடும், மயங்கி விழ நேரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது இன்னும் ஆபத்து: மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஏழு மாதம் இருந்துவிட்டேன், மலச்சிக்கல் தாங்கவில்லை. பழைய சாப்பாட்டுக்கு எப்படித் திரும்புவது?

கறியில் நார்ச்சத்து துளியும் கிடையாது, ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். ஆனால் நாளைக்கே முப்பதுக்குத் தாவாதீர்கள். நார்ச்சத்தைத் தின்று வாழும் குடல் கிருமிகள் உங்களுக்குக் குறைந்திருக்கும், திடீரென்று கொடுத்தால் வாயுவும் உப்புசமும்தான். முதல் வாரம் வேகவைத்த காயும் ஒரு பழமும், அடுத்த வாரம் கீரை, மூன்றாவது வாரம் பருப்பு, அப்புறம் முழுத்தானியம். தண்ணீர் கூடவே அதிகமாக வேண்டும். கறியை நிறுத்தவேண்டியதில்லை, தட்டில் கால் பங்குக்கு இருக்கட்டும். மாவுச்சத்து சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறும், அது கிளைக்கோஜனும் தண்ணீரும்தான், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கறி மட்டும் டயட்டுக்கு ஓடிவிடாதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மட்டும் மூன்று வாரம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.