தாத்தாவின் டப்பாவில் கிடைத்த கோலிகள்: வயதை அறிவதும் காப்பதும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது, மர அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் தகர டப்பா கிடைத்தது. அதில் ஏறக்குறைய 140 கோலிகள் இருக்கின்றன. 2015 வெள்ளத்தில் நனைந்த டப்பா என்பதால் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். "எல்லாம் ஜெர்மன் கோலி" என்று சொல்லி, மொத்தத்துக்கும் 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். இவை உண்மையிலேயே பழையவையா? கழுவலாமா? விற்கலாமா? துளை உள்ள சிறு சிவப்பு மணிகள் இரண்டும் அதில் கிடந்தன. படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: மொத்தமாக இப்போது கொடுத்துவிட வேண்டாம், கழுவவும் அவசரப்பட வேண்டாம். ஒரு வீட்டு டப்பாவில் அப்பா, சித்தப்பா, அவர்கள் ஜெயித்து வந்த கோலி, தெருவில் பொறுக்கியது என்று பல காலத்துச் சரக்கு கலந்துதான் கிடக்கும். ஆகவே "எல்லாம் ஜெர்மன்" என்று சொன்னவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவில்லை என்பது உறுதி. உங்கள் படங்களில் எனக்குத் தெரிந்தவரை நான்கு வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு கோலிகள் மட்டுமே ஜெர்மானியக் கைவேலையாக இருக்க வாய்ப்புள்ளது. அந்த ஏழும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட மதிப்புள்ளவையாக இருக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, சன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கோலியையும் மெல்ல உருட்டி, அதன் இரு துருவங்களையும் தேடுவதுதான். வண்ணத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கோலி எப்படிப் பிறந்தது என்பதை அதன் உடம்பில் உள்ள வடு சொல்லும்.

அந்த வடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. ஜெர்மனியின் துரிங்கியா மலைப் பகுதியில் லௌஷா என்ற ஊர் இருக்கிறது. 1597 இல் அங்கே முதல் கண்ணாடி உலை அமைந்தது. 1840களின் பிற்பகுதியில் அந்த ஊர்க் கைவினைஞர்கள் ஒரு முனையில் சிறு கிண்ணம் பொருத்திய கத்தரி ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பல நிற இழைகளை உள்ளே அடுக்கி, மேலே தெளிந்த கண்ணாடி பூசிய தடித்த கோலை உலையில் சூடாக்கி, முறுக்கியபடி இழுப்பார்கள். இளகிய முனையைக் கிண்ணத்தில் விட்டு உருட்டி உருண்டையாக்கிக் கத்தரித்து விடுவார்கள். அப்படிக் கோலிலிருந்து அறுபட்ட இடங்களே கோலியின் இரு துருவங்களிலும் சொரசொரப்பான, அல்லது தேய்த்து மழுக்கிய சிறு வடுக்களாக நிற்கின்றன. உள்ளே உள்ள வண்ண இழைகள் ஒரு துருவத்தில் தொடங்கி, திருகிக்கொண்டே சென்று, மறு துருவத்தில் முடியும். உங்கள் மூன்றாவது படத்தில், உள்ளே வெள்ளை நூல் வலைபோல் பின்னி, அதன் மேல் சிவப்பும் பச்சையும் நாடாவாக ஓடுகிற ஒன்றைப் பார்த்தேன். அதன் அடியில் பாசிப்பயறு அளவில் ஒரு வடு தெரிகிறது. மறுபக்கத்திலும் அதேபோல் இருந்தால், அது 1914 இல் முதல் உலகப் போர் வந்து ஜெர்மன் ஏற்றுமதி நிற்பதற்கு முந்தைய கோலியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வடு மட்டும் சாட்சியாகாது. இன்றும் கையால் கோலி செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கோலியில் மேற்பரப்பெங்கும் நுண்ணிய தேய்மானமும், விளையாட்டில் இடித்ததால் உண்டான பிறை வடிவக் கீறல்களும் இருக்கும். புதியதில் மேற்பரப்பு கண்ணைப் பறிக்கும்.

இந்த வகையில் கறுப்புக் கண்ணாடியின் மேல் வண்ணக் கோடுகள் ஓடும் கோலிகளை மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் 'இந்தியன்' என்று அழைக்கிறார்கள். இணையத்தில் அந்தப் பெயரைப் பார்த்து நம் ஊரில் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம்; அவையும் ஜெர்மனியில் செய்யப்பட்டவைதான்.

இயந்திரக் கோலிக்கு இரட்டை வடு கிடையாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905 இல் பெற்ற காப்புரிமையே இதன் தொடக்கம். பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு இடையே சூடான கண்ணாடித் துளி எல்லாப் பக்கமும் புரண்டு, ஆறும்போதே உருண்டையாகிவிடும். அவருடைய ஆலையில் துளியைக் கம்பியிலிருந்து விடுவதும் வெட்டுவதும் மட்டும் ஆள் கையால் நடந்தது. அதனால் அந்தக் காலத்துக் கோலிகளின் உச்சியில் வெள்ளைச் சுழி ஒன்று 9 என்ற எண்ணைப் போலவே வளைந்து நிற்கும், எதிர்ப்பக்கத்தில் வெட்டுக்கோடு தெரியும். 1914 இல் மேற்கு வர்ஜினியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்த ஆக்ரோ அகேட் நிறுவனம் இயந்திரக் கோலியைப் பெருமளவில் செய்து, 1951 வரை நீடித்தது. உங்கள் படங்களில் இந்த அமெரிக்கக் கோலிகள் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தெளிந்த கண்ணாடிக்குள் பூ இதழ் போல வண்ணத் தகடுகள் நிற்கிற கோலிகள் உங்களிடம் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. நாம் எல்லாரும் பேந்தா ஆடியது அவற்றை வைத்துத்தான். உலகம் பூனைக்கண் என்று அழைக்கும் இந்த வகை 1950ஐ ஒட்டி ஜப்பானிலிருந்து பரவியது. ஆகவே இதழ் உள்ள கோலியை "வெள்ளைக்காரன் காலத்தது" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

வண்ணம் எதுவும் இல்லாமல் இளம்பச்சையாக இருக்கும் ஐம்பது சொச்சம் கோலிகள் சோடா பாட்டில் கோலிகள் என்றே நினைக்கிறேன். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872 இல் காப்புரிமை பெற்ற பாட்டிலில், உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி, கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைத்துவிடும். பாட்டில் உடைந்தால் கோலி பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். மணலில் உள்ள இரும்புச் சத்துதான் அந்தப் பச்சைக்குக் காரணம். விலை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆயினும் கடலூர்த் தெருக்களின் வாழ்க்கையைச் சொல்வது இவைதான் என்பதால், என் கையில் இருந்தால் இவற்றை ஜெர்மன் கோலிக்குச் சமமாகவே வைத்துக் காப்பேன்.

தனியாகப் படமெடுத்து அனுப்பிய பெரிய கோலியைப் பற்றி எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். உள்ளே வெள்ளி நிறத்தில் ஓர் ஆடு நிற்பது போலத் தெரிகிறதே, அந்த உருவம் வெள்ளியால் ஆனது அன்று; வெண்களிமண் பொம்மையைச் சுற்றி மிக மெல்லிய காற்றுப்படலம் சிக்கிக்கொண்டதால் அப்படி மின்னுகிறது. பொம்மையும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை என்பதால் இத்தகைய கோலிக்குள் இறுக்கம் தேங்கியிருக்கும். சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் இப்படி, உள்ளே நாய் உருவம் இருந்த கோலி ஒன்றை நான் வெந்நீரில் போட்டேன். மெல்லிய 'டிக்' என்ற ஒலி கேட்டது, எடுத்துப் பார்த்தபோது நாயின் முதுகுக்கு மேலே ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்த ஒலியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே கழுவும் முறை இதுதான். பிளாஸ்டிக் பேசினின் அடியில் மெல்லிய துணியை விரித்து, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் இரண்டு சொட்டுத் திரவ சோப்பு விட்டு, ஒவ்வொரு கோலியாகப் போட்டு ஊறவிடுங்கள். வெள்ளச் சேற்றில் மணல் இருக்கிறது. சேறு தானாகக் கரைந்து இறங்கும்வரை விரலால்கூடத் தேய்க்கக் கூடாது. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுவது போலப் புளி, சாம்பல், எலுமிச்சை எதுவும் கூடாது. மண்ணால் செய்த கோலி இருந்தால் தண்ணீர் காட்டாமல் தூரிகையால் தட்டினால் போதும். கீறல் விழுந்ததைப் பாலிஷ் போட்டு மினுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்: பாலிஷ் பழைய மேற்பரப்பையும் வடுவையும் ஒருசேர அழித்துவிடும், மதிப்பும் இறங்கிவிடும்.

மீண்டும் அதே டப்பாவில் கொட்டி வைக்க வேண்டாம். கோலியைக் கோலியே உடைக்கும். அறை அறையாகப் பிரித்த பெட்டியில், கீழே பருத்தித் துணி வைத்து, நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்காக ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்த்து வையுங்கள். வெயில் விழும் சன்னலில் மட்டும் அடுக்காதீர்கள். தெளிந்த கண்ணாடி உருண்டை லென்ஸைப் போலச் சூரிய ஒளியைக் குவித்துத் துணியைப் பொசுக்கிவிடும். ஒவ்வொன்றின் குறுக்களவையும் மில்லிமீட்டரில் எடுத்து, யாருடைய டப்பா, எந்த வீடு, எந்த ஆண்டு கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

விற்பதானால் அந்த ஏழையும் ஆட்டுக் கோலியையும் தனித்தனியே, இரு துருவங்களும் தெரியும்படி படமெடுத்துக் காட்டி விலை கேளுங்கள். இணைய ஏலத்தில் கேட்கப்படும் விலை வேறு, உண்மையில் விற்று முடிந்த விலை வேறு. இரண்டாவதை மட்டும் பாருங்கள். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் மிகப் பழையது என்பதும் வியாபாரப் பேச்சே. அது கண்ணாடியில் யுரேனியம் கலந்திருப்பதைக் காட்டும், வயதைக் காட்டாது.

கடைசியாக அந்தச் சிவப்பு மணிகள். துளை இருப்பதால் அவை கோலி அல்ல, கோத்து அணியும் மணிகள். ஒளி ஊடுருவாத செங்கல் சிவப்பும், குழாயைத் துண்டாக நறுக்கியது போன்ற முனைகளும் அரிக்கமேட்டு மணிகளை நினைவூட்டுகின்றன. 1945 இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்தப் பழங்கால அரியாங்குப்பம் ஆற்றங்கரை ஊரில், உள்ளீடற்ற கண்ணாடிக் குழாயை நீளமாக இழுத்து, நறுக்கி மணியாக்கினார்கள். அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். அங்கிருந்து எடுத்துவந்த பொருளை வாங்குவதும் விற்பதும் சரியல்ல. மணிகளைக் கழுவாமல், தனித்தனித் தாளில் மடித்து, புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். டப்பா எங்கே எப்படிக் கிடைத்தது என்ற விவரத்தையும் எழுதிக் கொடுங்கள்.