கப்பல் விலை வேற, கரை விலை வேற

கேள்வி: நியூசிலாந்துல ரெண்டு ஃபெர்ரிக்கு 300 கோடி டாலர் ஆகும்னு சொன்னாங்களாமே, 2023-ல புது அரசாங்கம் அந்த திட்டத்தை ஊத்தி மூடுனது சரிதானே சார்?

பதில்: "ரெண்டு ஃபெர்ரிக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம். ரெண்டு கப்பலுக்கும் சேர்த்து விலை 55.1 கோடி நியூசிலாந்து டாலர்தான், 2021-ல கொரியாவுல ஹூண்டாய் மிப்போங்கிற கப்பல் கட்டுற கம்பெனிகிட்ட ஆர்டர் குடுத்தது. பெரிய செலவெல்லாம் கரையில. புதுக் கப்பல் பழசை விட ரொம்பப் பெருசு, அதனால ஃபெர்ரி ஓடுற ரெண்டு முனையிலயும், அதாவது வடக்குத் தீவுல வெலிங்டன்லயும் தெற்குத் தீவுல பிக்டன்லயும், கப்பல் வந்து நிக்கிற பழைய மேடையை இடிச்சுக் கட்டணும், சரக்கு ரயில் பெட்டி தண்டவாளத்தோடவே கப்பலுக்குள்ள போற மாதிரி பாலம் வேணும், அதுலயும் வெலிங்டன் பூகம்ப ஊரு, 2016-ல அந்தத் துறைமுகமே அடி வாங்குச்சு. 2018-ல மொத்தமும் 77.5 கோடின்னு கணக்கு போட்டது தப்பு, கரை வேலைக்கு டிசைன் முடியாம கப்பலை ஆர்டர் பண்ணதும் தப்பு, அதுக்கு யாரைத் திட்டினாலும் நான் உங்க பக்கம்.

ஆனா நிதி மந்திரி நிக்கோலா வில்லிஸ் என்ன சொன்னாங்க? ஃபெராரி வேணாம், டொயோட்டா கரோலா போதும்னாங்க. எதை எடுத்தாலும் கார் கணக்கு பேசுறவங்களோட எனக்குப் பழைய பகை, மெட்ரோ ரயில் பத்தி எழுதினப்போ இதே பக்கத்துல ஒருத்தர் இப்படித்தான் மாசக்கணக்கா மல்லுக்கு நின்னாரு. அய்யா, காரை தெருவோரத்துல விட்டுட்டு போயிடலாம், கப்பலை எங்க விடுவீங்க? கரோலாவே வாங்குங்க, அதுவும் அந்தப் பழைய மேடையிலதானே வந்து நிக்கணும்?

இத்தனைக்கும் ரத்து பண்றதுக்கு முன்னாடி, 2023 ஜனவரியில, அங்க ஓடுற பழைய ஃபெர்ரி கைடாக்கி இன்ஜின் செத்துப் போய் 800 பேருக்கு மேல வச்சுக்கிட்டு பாறைப் பக்கம் மிதந்து போச்சு, மேடே, அதாவது ஆபத்து, காப்பாத்துங்கன்னு அழைப்பு குடுத்தாங்க. ரத்து பண்ணின பிறகு, 2024 ஜூன்ல, இன்னொரு பழைய ஃபெர்ரி அராடெரே பிக்டன் பக்கத்துல தரை தட்டுச்சு. ஒரு கப்பலும் வாங்காம ஹூண்டாய்க்கு 14.4 கோடி டாலர் நஷ்ட ஈடு. ரயில் ஏத்துற ஒரே கப்பல் அராடெரேதான், பிக்டன் மேடையை இடிக்கணும்னு அதையும் 2025 ஆகஸ்ட்ல நிறுத்தியாச்சு, புதுசு வர்றது 2029, அதுவரைக்கும் ரயில் சரக்கை லாரியில மாத்தி ஏத்தி கடல் தாண்டணும். கடைசியில புது ஆர்டர் சீனாவுல குவாங்சோவுக்கு போச்சு, அதுவும் ரயில் ஃபெர்ரிதான், அதுக்கும் கரை வேலை பண்ணித்தான் ஆகணும்! இதுல எங்கங்க மிச்சம் பிடிச்சாங்க?

கரையை மறந்தா என்ன ஆகும்னு பார்க்கணும்னா பக்கத்துல ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவைப் பாருங்க. ஃபின்லாந்துல கட்டின புது ஃபெர்ரி ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா 4 2024-ல ரெடி, ஆனா தீவுல அது வந்து சேர வேண்டிய டெவன்போர்ட் துறைமுகத்துல அதுக்கு மேடை ரெடி ஆகல. கோடிகளைக் கொட்டின கப்பல் ஸ்காட்லாந்துல லீத் துறைமுகத்துல போய் குளிர்காலம் பூரா சும்மா கட்டிக் கிடந்துச்சு, மந்திரி மைக்கேல் ஃபெர்குசன் பதவி போச்சு, ஏத்துமதி பண்ற விவசாயியும் லாரிக்காரரும் அப்பவும் 1998-ல கட்டின பழைய கப்பலை நம்பித்தான் இருந்தாங்க.